கார்லோவுக்கு என்ன துக்கம்

எங்கள் ஊரில் சாவு விருந்து என்றால் எழுந்து நின்று பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். கையில் ஒயின் கோப்பையோடு செத்தவர் பெயரைச் சொல்லி, அவரைப் பெற்றவர்கள் பெயரைச் சொல்லி, அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர்களைச் சொல்லி, வரிசையாகக் குடிக்க வைக்க வேண்டும். கோப்பையோடு கோப்பை மோதக்கூடாது. எவனும் போதை தலைக்கேறிப் பாட்டுப் பாடிவிடவும் கூடாது. ஒனிஸே பேசினால் பிணமே எழுந்து உட்கார்ந்து கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஒனிஸே நான்தான்.

என் அண்ணி குகுலியின் விருந்திலும் நான்தான் பேசினேன். ஊரில் பலபேரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை தேடிப்பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அண்ணி விஷயத்தில் அந்தச் சிரமம் இல்லை. வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிடத் தாராளம். அவர் வீட்டுக்குப் போய் வெறும் வயிற்றோடு திரும்பிய நாய்கூட எங்கள் இமெரெத்தி மாகாணத்தில் கிடையாது.

அண்ணி இறந்தது பெரிய நோன்பு நடந்துகொண்டிருந்த சமயம். ஈஸ்டருக்கு முந்தைய அந்த வாரங்களில் அவர் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார். என் அண்ணன் ஷால்வாவுக்கோ நோன்பும் கிடையாது, நேர்த்திக்கடனும் கிடையாது. வீட்டில் ஒரே அடுப்பில் இரண்டு சட்டி வேகும். அண்ணனுக்குப் பன்றி இறைச்சி, அண்ணிக்கு அவரைக்கொட்டை. நிலவறையில் இலையுதிர் காலத்தில் போட்டு மூடி வைத்த கத்தரிக்காய் ஜாடிகள் இருக்கும். பூண்டும் கொத்தமல்லியும் திணித்த கத்தரிக்காய். நோன்பு முழுக்க அண்ணிக்கு அதுதான் துணை.

ஒருநாள் காலை அடுப்படியிலிருந்து அண்ணி சொன்னார்: "என்னங்க, நீங்க ரெண்டு பேரா நிக்கிறீங்க."

"ஒருத்தனையே தாங்க முடியலைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சே. இப்ப ரெண்டா? நல்லா அனுபவி" என்று அண்ணன் சிரித்தார். நானும் அங்கேதான் இருந்தேன். நானும் சிரித்தேன்.

மதியத்துக்குள் அண்ணிக்கு நாக்குக் குழறியது. இமைகள் பாதிக் கண்ணுக்கு இறங்கின. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. பல வருடமாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தின்றுகொண்டிருந்தவர். ஆம்புலன்சில் வந்த டாக்டர் பையன் பார்த்தான், பக்கவாதம் என்றான். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் அதையேதான் எழுதினார்கள். மறுநாள் மாலை அண்ணிக்கு மூச்சு நின்றுபோனது. எழுபதைத் தாண்டிய பெண், அழுத்தம், பக்கவாதம். இதில் யார் என்ன கேள்வி கேட்கப் போகிறார்கள்? நாங்களும் கேட்கவில்லை.

வழக்கப்படி சில நாட்கள் உடலை வீட்டிலேயே வைத்திருந்தோம். ஊர் வந்தது, சவப்பெட்டியைச் சுற்றியது, பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அடக்கம் முடிந்ததும் முற்றத்தில் தார்ப்பாய்க் கொட்டகைக்குக் கீழே நீள மேசைகள் போட்டோம். நோன்புக் காலச் சாவு என்பதால் விருந்தும் நோன்பு விருந்துதான். அவரை, காளான், வால்நட் அரைத்துப் பிசைந்த கீரை, மக்காச்சோள ரொட்டி. சமையலை அண்ணியின் தங்கை சியூரி பார்த்துக்கொண்டாள். பந்திக்குப் பண்டம் பற்றாது போலிருந்தது. சியூரி நிலவறைக்குப் போய் அந்தக் கத்தரிக்காய் ஜாடிகளைச் சுமந்துகொண்டு வந்தாள்.

"அக்கா தன் கையால போட்டது. கடைசியா எல்லாரும் அக்கா கையால ஒரு வாய் சாப்பிடட்டும்" என்றாள். சமையற்கட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் அதைக் கேட்டு இன்னொரு தடவை அழுதார்கள். அதில் குற்றம் சொல்ல எவனுக்கு மனசு வரும்?

மேசைத் தலைமாட்டில் அண்ணன் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் அண்டை வீட்டுக்காரன் உட்கார வேண்டும் என்பது முறை. அண்டை வீட்டுக்காரன் என்றால் கார்லோ. அண்ணிக்கும் கார்லோவுக்கும் வான்கோழிகளால் வந்த சண்டை. அண்ணியின் வான்கோழிகள் வேலி தாண்டி அவன் தக்காளிச் செடியைக் கொத்தின. அவன் ஒன்றைக் கல்லால் அடித்துக் கொன்றான். அன்றிலிருந்து இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சாபம் விட்டதோடு சரி, பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் முறை முறைதான். வந்தான், உட்கார்ந்தான், மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டான்.

நோன்புச் சாப்பாடு என்றாலே முகம் சுளிக்கும் அண்ணன், அன்றைக்குத் தானாகவே தட்டை நீட்டிக் கத்தரிக்காய் கேட்டார். ஒரு துண்டு இல்லை, ஒரு தட்டு. தின்றுவிட்டு ரொட்டியால் தட்டை வழித்தார்.

"புளிப்பே இல்லடா, ஒனிஸே. எனக்காகத்தான் கொறைச்சிருக்கா. இவ்வளவு நல்லா இருக்குன்னு அவகிட்ட ஒரு தடவை சொன்னதில்ல நான்" என்றார்.

ஜாடியில் மிச்சமிருந்ததைக் கார்லோ தன் தட்டுக்குத் தள்ளிக்கொண்டான். "வான்கோழி மேய்க்கத் தெரியாட்டியும் சமைக்கத் தெரிஞ்சிருக்கு, பாவம்" என்றான். அவனிடமிருந்து அண்ணிக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான். நான் நின்று பேசுகிறவன். பேசுகிறவன் வாயில் ஈரம் இருக்கும், சோறு இருக்காது. பந்தி முடிந்தபிறகு சியூரி கொஞ்சம் அவரைக்கொட்டையும் ரொட்டியும் கொடுத்தாள், அவ்வளவுதான் நான் சாப்பிட்டது.

அடக்கத்துக்கு மறுநாள் கல்லறைக்குப் போய்விட்டு வந்தோம். அதற்கடுத்த நாள் அண்ணன் படுக்கையை விட்டு எழவில்லை. இமைகள் இறங்கியிருந்தன. வந்து பார்த்த பெண்கள், "அழுது அழுது கண்ணு தொங்கிப் போச்சு" என்றார்கள். வாய் காய்ந்திருந்தது. துக்கம் என்றார்கள். ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. யாருக்குத்தான் இறங்கும் என்றார்கள். குரல் மூக்கால் வந்தது. அழுத குரல் அப்படித்தான் என்றார்கள். ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவளை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த மனுஷனிடம் எதைப் பார்த்தாலும் அது துக்கமாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அன்றைக்குக் காலையிலேயே ஊரில் வேறொரு பேச்சும் கிளம்பியிருந்தது. கார்லோவும் கண் தொங்க, முகம் தொங்க, வாசலில் உட்கார்ந்திருக்கிறானாம். பேச்சுக் கொடுத்தால் தழுதழுக்கிறானாம். இது போதாதா எங்கள் ஊருக்கு? "உள்ளுக்குள்ள இவ்வளவு பாசத்தை வெச்சுக்கிட்டுத்தான் வெளியில சண்டை போட்டிருக்கான்" என்றாள் ஒருத்தி. "வாலிபத்திலேயே ஒரு கண்ணாம்" என்று அதற்குக் காலும் கையும் வைத்தாள் இன்னொருத்தி. கார்லோவின் மனைவி காதுக்கும் அது போயிற்று.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். அண்ணியின் பெயரை வைத்து எவனும் நாடகம் போடக்கூடாது என்று கேட்டுவிடுவதற்காகவே போனேன். கார்லோ வாசலில் நாற்காலியில் சாய்ந்து கிடந்தான். உள்ளே அவன் மனைவி பாத்திரங்களைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா செத்தப்ப இந்த மனுஷன் கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரல. இப்ப பாருங்க ஒனிஸே, அடுத்த வீட்டுக்காரிக்கு உருகிக்கிட்டு உக்காந்திருக்காரு" என்று உள்ளிருந்தே கத்தினாள்.

"என்ன கார்லோ, இவ்வளவு துக்கத்தை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றேன்.

அவன் தலையைப் பின்னால் சாய்த்து, தொங்கிய இமைக்குக் கீழே இருந்த இடுக்கால் என்னைப் பார்த்தான்.

"துக்கமா? எனக்கா? அவ என் மேல விட்ட சாபம் போதாதா, துக்கம் வேற படணுமா?" மூக்கால்தான் பேசினான். "கண்ணைத் தொறக்க முடியலடா. எச்சியே ஊறல. நீ எதுக்கு ஒரு ஆளைக் கூட கூட்டிட்டு வந்திருக்கே? அவரையும் உக்காரச் சொல்லு."

என்கூட யாரும் வரவில்லை.

அண்ணி அன்றைக்கு அடுப்படியிலிருந்து சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நீங்க ரெண்டு பேரா நிக்கிறீங்க." அண்ணிக்கும் இமை, நாக்கு, மூக்கில் வந்த தண்ணீர். அண்ணனுக்கும் அதே. அண்ணன் அழலாம். கார்லோ எதற்கு அழ வேண்டும்? மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது துக்கம் இல்லை, அந்தக் கத்தரிக்காய்.

பொட்டுலிசம், மூடி வைத்த சாப்பாட்டில் ஊறுகிற அந்த விஷத்தின் பேர், எங்கள் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். குளிர்காலம் வந்தால் டிவியில் சொல்லுவார்கள்: வீட்டில் மூடிய ஜாடி, கவனம் என்று. கேட்டுக்கொண்டே நாங்கள் ஜாடியைத் திறப்போம். தெரியாத ஜனங்கள் என்றால் மன்னிக்கலாம். தெரிந்தே இருந்தோம். டாக்டர் பக்கவாதம் என்று சொல்லிவிட்டார், அதோடு எங்கள் மூளையை ஆணியில் மாட்டிவிட்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

இருவரையும் குத்தாயிசி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மேசையில் அண்ணன் இருந்த கோடியில் உட்கார்ந்திருந்த எல்லோரையும் தேடிப்பிடித்து வரச்சொன்னார்கள். வேறு யாரும் அந்த ஜாடியில் கைவைக்கவில்லை. மற்ற ஜாடிகளில் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொற்றுநோய்ப் பிரிவில் மாக்வாலா என்று ஒரு டாக்டரம்மா இருந்தார். குள்ளமாக, கறாராக, தூக்கமில்லாத கண்களோடு. விஷமுறிவு ஊசி போட்டுவிட்டு என்னிடம் உண்மையைச் சொன்னார்.

"ஊசி ரத்தத்தில ஓடிக்கிட்டிருக்கிற விஷத்தைத்தான் பிடிக்கும். நரம்பில ஏற்கெனவே ஒட்டினதை எடுக்காது. அது தானாத்தான் தேறணும். மாசக்கணக்காகும். கார்லோ தேறிடுவார். உங்க அண்ணன் தின்னது ரொம்ப ஜாஸ்தி. நெஞ்சு தசையும் நிக்கப் போகுது. மூச்சுக்கு மெஷின் வெக்கிறோம்."

அன்று மாலையே அண்ணனுக்குத் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் மாட்டினார்கள். ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல், இரண்டு இமையும் மூடிக் கிடந்தார். சியூரியும் நானும் படுக்கைப் பக்கத்தில் நின்றோம். டாக்டரம்மா சியூரியிடம் அண்ணி இறந்த விதத்தைக் கேட்டார்.

"இமை ஒரு பக்கம் இறங்குச்சா, ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டும்தான்."

பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் அடிக்கும் என்பது எனக்கே தெரியும். டாக்டரம்மா அதை வாயால் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கேட்டார்: "கத்தரிக்காய்ல வினிகர் எவ்வளவு விடுவாங்க?"

"எங்க விட்டா? இவரு விட விட்டாத்தானே." சியூரிக்குக் கோபம் வந்தால் அவளுக்கும் அண்ணிக்கும் வித்தியாசமே தெரியாது. "எங்கம்மா விட்ட மாதிரி நல்லா பல்லு கூசுற அளவுக்கு விட்டுக்கிட்டிருந்தா. இந்த மனுஷனுக்கு வயித்துப் புண்ணாம். உன் வினிகர் என் வயித்தைத் தொளைக்குதுன்னு சில வருஷம் முன்னாடி ஜாடியைத் தூக்கி முத்தத்தில வீசினாரு. அதான் குறைச்சா. குறைச்சுக் குறைச்சு இல்லாமலே ஆக்கிட்டா. அப்பவும் இவரு தின்னாரா? பன்னிக்கறிதான் தின்னாரு. அவதான் தின்னா."

டாக்டரம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். நானும் போனேன். கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவருக்குக் காது கேக்கும். புத்தி தெளிவா இருக்கும். இந்த விஷம் தசையைத்தான் கட்டும், மூளையைத் தொடாது."

சியூரி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"தூக்க மருந்து கொடுத்திருக்கு. தூங்கியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "தூங்கியிருந்தா நல்லது. பிழைக்கணும்னு அவருக்கு ஆசை இருக்கணும். இதில பாதி வேலை அதுதான்."

அந்தத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டுதான் எனக்கு அவர் அந்தக் கிருமியைப் பற்றிச் சொன்னார். மண்ணில் கிடக்கிற சாதாரணக் கிருமிதானாம். காற்றுப் படுகிற இடத்தில் விதைபோலச் சும்மா தூங்குமாம். வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அந்த விதை சாகாது. காற்றே புகாமல் மூடினால் விழித்துக்கொண்டு விஷத்தைக் கக்கும். வாசனை வராமலும் இருக்கலாம்.

"என் ஒயினையும் நான் தாழியில காத்துப் போகாமத்தான் மூடி மண்ணுல புதைக்கிறேன்" என்றேன். எனக்கு அப்போது யாரோடாவது சண்டை போட வேண்டும்போல இருந்தது.

"அதையும் கிருமிதான் பண்ணுது. ஒயின், ரொட்டி, சீஸ் எல்லாம் அதுங்க போட்ட பிச்சைதான். திராட்சையில புளிப்பு இருக்கு. புளிப்பு இருக்கிற எடத்தில இந்த மண்ணுக் கிருமி முழிக்காது. கத்தரிக்காய்க்கு வினிகர்தான் காவல். காவலை எடுத்துட்டாலும், திங்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கொதிக்க விட்டிருந்தா விஷம் செத்திருக்கும். ஆனா அதை யாரு சுட வெச்சுத் தின்பா?"

யாரும் தின்னமாட்டோம். அது குளிர்ந்தால்தான் ருசி.

அதற்குப் பிறகு என் வேலை ஒன்றே ஒன்றாகிவிட்டது. அண்ணன் அதைக் கேட்டிருக்கக்கூடாது. கேட்டிருந்தால் நம்பக்கூடாது. அதற்காக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பஸ் பிடித்துப் போய், அசையாமல் கிடந்தவரின் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். என் பேச்சுத் திறமையை எல்லாம் அங்கேதான் கொட்டினேன்.

"அண்ணே, டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எல்லாம் மூடியாலதான். சந்தையில விக்கிறானே மட்டமான தகர மூடி, அது துருப்பிடிச்சு விஷம் எறங்கியிருக்கு. வினிகருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையாம்."

மெஷின் புஸ் புஸ்ஸென்று ஊதும். மார்பு ஏறும், இறங்கும். அவ்வளவுதான் பதில்.

சியூரியையும் கூட்டிக்கொண்டு போனேன். வாழ்நாள் முழுக்க அந்த மனுஷனைத் திட்டியே பழகியவள். படுக்கையோரம் நின்று தலைத்துணியின் முனையைச் சுருட்டிக்கொண்டு, "மூடிதான் அத்தான். அன்னிக்கு நான் தெரியாம உளறிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். மூடிதான்" என்றாள். சொல்லிவிட்டு அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். அப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அண்ணியே விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

ஈஸ்டர் போனது. கார்லோ வீட்டுக்கு வந்துவிட்டான். அண்ணியின் வான்கோழிகளுக்கு அவன்தான் தீனி போட்டான். கேட்டால், "அதுங்க என்ன செய்யும்" என்று மட்டும் சொன்னான். திராட்சைக் கொடி துளிர்த்த சமயத்தில் அண்ணனுக்கு முதலில் ஒரு விரல் அசைந்தது. அப்புறம் இமை. கொஞ்சம் கொஞ்சமாக மெஷினைக் குறைத்து, ஒருநாள் குழாயை எடுத்தார்கள். டாக்டரம்மா எனக்கு ஆளனுப்பினார். ஒரு கூடை செர்ரிப் பழத்தோடு ஓடினேன். பிழைத்துவிட்டார், இனி என்ன என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கழுத்தில் கட்டு. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கையைக் கொஞ்சம் தூக்கினார். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, எல்லாம் அந்தப் பாழாப்போன மூடி..." என்று ஆரம்பித்தேன்.

"மூடி நல்ல மூடிடா" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. "நான்தான் வாங்கிட்டு வந்தேன். புதுசு."

நான் செர்ரிக் கூடையைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

"சியூரி சொன்னது எல்லாம் கேட்டுச்சு. அப்ப நான் தூங்கல" என்றார். "செத்துடலாம்னுதான் பார்த்தேன். மூச்சை நிறுத்திக்கலாம்னா, மூச்சு என்னோடதா இருந்தாத்தானே? மெஷினோடது. அது பாட்டுக்கு ஊதிக்கிட்டே இருந்துச்சு. நீயும் வந்து வந்து பேசிக்கிட்டே இருந்தே. கண்ணை மூடிக்கிட்டு அவ ஜாடியில வினிகர் ஊத்திக்கிட்டே இருந்தேன்டா. எத்தனை நாளு."

வராந்தாவில் யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை அவர் காத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். இந்த ஒண்ணுக்கு மட்டும் மேசையில பேசற மாதிரி பேசாதே."

"கேளுங்கண்ணே."

"அன்னிக்கு நான் சிரிக்காம, அவளை நேரா இங்க கூட்டிட்டு வந்திருந்தா, இதே மெஷினை வெச்சிருப்பாங்கல்ல? குகுலி பொழைச்சிருப்பாளா?"

இதை நான் ஏற்கெனவே டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"பொழைச்சிருப்பாங்க" என்றேன்.

அண்ணன் தலையை ஆட்டினார். பிறகு, தன்னால் இன்னும் தானாகப் புரள முடியவில்லை, சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வை என்று சொன்னார். திருப்பிப் படுக்க வைத்தேன்.